முதல் பி.எஃப். வேலையா? முதலில் இனிஷியலைச் சரிபாருங்கள்

பட்டறையிலோ கடையிலோ தினக்கூலியாக இருந்த பையன் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கும் கம்பெனி வேலைக்குப் போகும்போது சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும். ஆதாரில் 'கார்த்திக் மு', வங்கிப் புத்தகத்தில் 'மு.கார்த்திக்', பான் கார்டில் 'கார்த்திக் முருகன்' என்று இருந்தால் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) நிராகரிக்கப்படும், பிறகு பணம் எடுக்கும்போதுதான் அலைச்சல். சேரும் முன்பே மூன்றையும் ஒன்றாக்குங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

சேர்ந்ததும் யு.ஏ.என். என்ற உங்கள் 12 இலக்க பி.எஃப். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி பி.எஃப். பணம் கட்ட வேண்டும். சில நாள் கழித்து உமங் என்ற அரசு செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 என்றால் உங்கள் பங்கு 1,440, முதலாளி பங்கு 440, பென்ஷனுக்கு முதலாளி கட்டுவது 1,000 என்று இருக்க வேண்டும். முதலாளி பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்தே பிடித்தால் அது சட்டவிரோதம். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் வெறும் 0.75 சதவீதம்தான், 'கையில் குறையுதே' என்று வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

வேலை மாறினால் புதிய யு.ஏ.என். போட விடாதீர்கள், பழையதையே கொடுங்கள். பென்ஷனுக்குத் தேவையான 10 வருடக் கணக்கு அப்போதுதான் அறுபடாமல் ஓடும்.