சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் கிளாஸ் எடுக்கப் போறீங்களா, இலை நோட்டுல இருந்து ஆரம்பிங்க

கோத்தகிரி பக்கம் ஒரு காலேஜுக்கு சனிக்கிழமையானா கெஸ்ட் லெக்சரரா போறேன், மத்த நாள்ல வீட்ல உக்காந்து கம்பெனி வேலை. முதல் வருஷம் நான் சொதப்பினத மொதல்ல சொல்லிடறேன். சாஃப்ட்வேர எந்த வரிசையில செய்யணும்னு சொல்ற வாட்டர்ஃபால், ஸ்பைரல் மாடல்னு ஸ்லைடு ஸ்லைடா ஓட்டினேன், பசங்களும் டப்பா டப்பாவா படம் வரைஞ்சு நல்ல மார்க் வாங்கிட்டாங்க, ஆனா செமஸ்டர் முடிவுல ஒருத்தன் எழுதின ப்ரோக்ராம இன்னொருத்தன் கையில குடுத்தா தொறக்கவே பயப்படறான். ஒரே ஆள் ஒரு ராத்திரியில எழுதி மறந்துடற கோடுக்கு இந்த சப்ஜெக்டே தேவையில்ல. நாலு பேர் கை வைக்கிற கோடு, ஆறு மாசம் கழிச்சு மாத்தச் சொல்லி ஆள் வந்து நிக்கிற கோடு, அதுக்குத்தான் இது. அந்த அவஸ்தைய கிளாஸ்லயே படவச்சிடணும், படம் வரையறதெல்லாம் அப்புறம்.

ப்ராஜெக்டுக்கு லைப்ரரி மேனேஜ்மென்ட் மட்டும் குடுத்துடாதீங்க, நெட்ல ரெடியா கொட்டிக் கெடக்கு. நான் குடுக்கறது பச்சைத்தேயிலை கணக்கு நோட்டு. இங்க பாதிப் பசங்க வீட்ல தோட்டம் இருக்கு, இல்ல சொந்தக்காரங்க யாராவது ஃபேக்டரிக்கு இலை போடறாங்க, ஆனா அந்த நோட்ட ஒரு நாளும் உத்துப் பாத்திருக்க மாட்டாங்க. கூடலூர் பக்கம்னா இஞ்சி கணக்கு, கொடைக்கானல்னா பூண்டு கணக்கு, எதுவா இருந்தாலும் நேர்ல கேள்வி கேக்க ஒரு ஆள் இருக்கணும், அதுதான் முக்கியம்.

முதல் கிளாஸ்ல லேப்டாப்ப தொறக்க விடாதீங்க. பசங்கள பேப்பர்ல டேபிள் வரையச் சொல்லுங்க. எல்லாரும் ஒரே மாதிரிதான் வரைவாங்க: தேதி, எடை, ரேட்டு, தொகை. அடுத்த வாரம் ஒரு தோட்டக்காரர கூட்டிட்டு வாங்க. எங்க கிளாஸுக்கு வந்த அண்ணன் அந்த டேபிள பாத்துட்டு சிரிச்சுட்டார். "ஏன் தம்பி, இலை போடற அன்னைக்கே ரேட்டு யாருக்குத் தெரியும்?" டீ போர்டு நீலகிரிக்கு மாசா மாசம்தான் பச்சைத்தேயிலைக்கு விலை அறிவிக்கும், ஆக தினமும் எழுதறது எடை மட்டும், ரேட்டு பின்னாடி வரும், நடுவுல வாங்கின அட்வான்ஸ கழிக்கணும். மழை நாள்ல ஈரத்துக்குன்னு எடையில புடிக்கிறது வேற. பசங்க ரேட்ட அடிச்சுட்டு மாசத்துக்கு ஒண்ணா தனி டேபிள் போட்டாங்க. ரெக்வயர்மென்ட்னா, அதாவது ப்ரோக்ராம் கேக்கறவருக்கு நெஜமா என்ன வேணும்கறது என்னன்னு நான் அப்புறம் வாயே தொறக்கல.

அண்ணன் கெளம்பினதும் இன்னொரு சின்ன வேலை குடுப்பேன். 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வண்டிக்கு இ-பாஸ் இருக்கில்ல, அத நீங்க டிசைன் பண்றதா வச்சுக்கோங்க, உள்ளூர் வண்டிக்கு பாஸ் வேணாம்னு ஒரு வரி குடுத்திருக்காங்க, சரி, உள்ளூர்னா என்ன? டிஎன் 43ங்கற நீலகிரி நம்பரா, ஓனரோட அட்ரஸா? குன்னூர்ல குடியிருக்கவன் கோயம்புத்தூர்ல செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினா? அரை மணி நேரம் சண்டை போடுவாங்க, குறுக்க போகாதீங்க.

அடுத்து கிட் (Git), கோடுல யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு பதிவு வைக்கிற டூல். இது மலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல் வேலைக்காக எழுதினது, ஒவ்வொருத்தர் மெஷின்லயும் முழு ஹிஸ்டரியும் இருக்கும். அக்டோபர் மழையில நெட் போச்சுன்னா கமிட், அதாவது செஞ்ச மாத்தத்த நம்ம மெஷின்ல பதியறது, அது பாட்டுக்கு நடக்கும், அத மத்தவங்களுக்கு அனுப்பற புஷ்ஷுக்கு மட்டும் நெட் வந்தாப் போதும். கமாண்ட எல்லாம் ஒரே நாள்ல கொட்டாதீங்க, ஆட் (பதிய வேண்டியத எடுத்து வைக்க), கமிட், லாக் (பழைய பதிவ பாக்க) இந்த மூணோட ரெண்டு வாரம் ஓட்டுங்க, தனிக் கிளையா பிரிச்சு வேலை பாக்கற ப்ராஞ்ச் அப்புறம். கமிட் மெசேஜ்ல "ஃபைனல்", "ஃபைனல் 2"ன்னு போட்டா திருப்பி அனுப்பிடுங்க.

டெஸ்டிங் வர்றப்ப தியரி பேசாதீங்க, காச காட்டுங்க. எடைய முழுக் கிலோவாக்கணும்னு ஒரு டீம் பைதான்ல ரவுண்ட் போட்டிருந்துச்சு. 13.5 குடுத்தா 14 வருது, சரி. 12.5 குடுத்தா 12 வருது! சரிபாதியில நின்னா பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போறது பைதான் 3ல வழக்கம், பக் இல்ல, ஆனா இலை போட்டவருக்கு அரை கிலோ போச்சு. எழுதின பொண்ணு அதிர்ந்து போய் "சார், எங்க பாட்டி நோட்டுலயும் இப்படி போயிருக்குமா"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் எடைய கிராம்ல, காச பைசால முழு எண்ணாவே வச்சாங்க, டெஸ்ட்டையும் அவளே எழுதினா. அன்னைக்கே ஏரியன் 5 ராக்கெட் கதையையும் சொல்லிடலாம்: 1996ல பழைய ராக்கெட்டோட கோட அப்படியே எடுத்துப் போட்டாங்க, ஒரு பெரிய எண் அதுக்குன்னு ஒதுக்கின 16 பிட் எடத்துக்குள்ள அடங்கல, கெளம்பி சுமார் 40 செகண்ட்ல வெடிச்சுது.

நாலாவது வாரம் டீமுங்களுக்குள்ள கோட மாத்தி விடுங்க, முன்கூட்டி சொல்லாதீங்க. அவங்க கோட இவங்க எடுத்து ஈரக் கழிவ சேர்க்கணும், எழுதினவங்ககிட்ட வாயால கேக்கக்கூடாது, கோடோட வச்சிருக்கற ரீட்மீங்கற விளக்கக் குறிப்பு மட்டும்தான். கோடுல வேரியபிளுக்கு ஏ1, டெம்ப் 2ன்னு பேர் வச்ச டீம அடுத்த டீம் திட்டற திட்டு இருக்கே! இந்த ஒரு வாரத்துல பேர் வைக்கறது, ஃபங்ஷன சின்னதா பிரிக்கறது, ரீட்மீ எழுதறது எல்லாம் தானா வந்துடும். ஒருத்தர் கோட இன்னொருத்தர் படிச்சு கருத்து சொல்ற ரிவ்யூல மட்டும் ஒரு கண்டிஷன் போடுங்க, "இந்த வரி புரியல"ன்னு சொல்லலாம், "உனக்கு கோடே வரல"ன்னு சொல்லக்கூடாது.

மார்க்க ஓடற ப்ரோக்ராமுக்கு மட்டும் போட்டுடாதீங்க, டீம்ல ஒருத்தனே எழுதி மத்தவங்க பேர் சேத்துக்குவாங்க. நான் பாதி மார்க்க கமிட் ஹிஸ்டரிக்கும் நேர்ல மாத்திக் காட்டறதுக்கும் ஒதுக்கிடறேன். ஏஐகிட்ட கேட்டு எழுதிட்டு வந்தாலும் பரவாயில்ல, வைவால பக்கத்துல உக்காந்து "அட்வான்ஸ் தொகைய விட அதிகமா இருந்தா என்ன ஆகும், மாத்து"ன்னு சொல்லி பத்து நிமிஷம் குடுங்க. யார் கோடுன்னு அப்ப தெரிஞ்சிடும்.