உடைத்த கல்லின் மணிகளை அளந்து பார்ப்பது எப்படி?

வீடு கட்டும் வளவில் கேட்டு நாலைந்து சல்லிக் கற்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ், வெள்ளை அல்லது இளஞ்சிவப்பில் பெல்ட்ஸ்பார், கறுப்பாக மினுங்கும் காக்காப்பொன் (மைக்கா), இந்த மூன்று கனிமங்களும் தெரிகிற துண்டாகப் பார்த்து எடுத்தால் நல்லது.

கல்லைச் சாக்கில் சுற்றி, தண்ணீர் தெளித்து, சுத்தியலால் அடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம், குவார்ட்ஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அடி நேராக விழ வேண்டும். அம்மியில் அரைக்கிற மாதிரி தேய்த்தால் ஓரங்கள் மழுங்கி, நாம் பார்க்க வந்த வடிவமே போய்விடும். இடையிடையே நிறுத்திச் சலித்து, பெரியதை மட்டும் திரும்ப அடியுங்கள்.

தூசி போகக் கழுவிக் காயவைத்த பிறகு தேத்தண்ணி வடியிலும் நுளம்பு வலையிலும் தனித்தனியாகச் சலியுங்கள். வலைக் கண்ணின் அளவு தெரிய வேண்டுமா? வலையைக் கிராப் தாளில் வைத்து 10 மில்லிமீட்டருக்கு எத்தனை கண் என்று எண்ணி, 10-ஐ அந்த எண்ணால் வகுத்துவிடலாம், ஆனால் நூலின் தடிப்பும் அதற்குள் சேர்ந்திருப்பதால் உண்மையான கண் இன்னும் கொஞ்சம் சிறியது.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். 1 மில்லிமீட்டர் கண்ணில் விழுந்ததெல்லாம் 1 மில்லிமீட்டருக்குள் என்று எழுதிவிடக் கூடாது. நீளமான மணி நெட்டுக்குத்தாக நின்றால் நழுவி விழுந்துவிடும், காக்காப்பொன் செதிலோ தாள் மாதிரி மெல்லியதாக இருந்தும் அகலத்தால் மேலேயே தங்கிவிடும். சல்லடை சொல்வது பெரும்பாலும் அகலத்தைத்தான்.

அதனால் நேரில் பார்த்தும் அளக்க வேண்டும். மணலைக் குவித்து நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை மட்டும் சேர்த்து, மறுபடி பிரித்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள் (அழகான மணியாகப் பொறுக்கினால் கணக்கு பிழைக்கும்). கடைசியில் மிஞ்சியதைக் கிராப் தாளில் பரப்பிப் போனில் கிட்டத்தில் படம் எடுத்தால் கட்டங்களே அளவுகோல். ஒவ்வொரு மணிக்கும் அகலத்தை நீளத்தால் வகுங்கள். 1-க்குக் கிட்ட வந்தால் நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒரே அளவு (தடிப்பு படத்தில் தெரியாது), 0.5-க்குக் கீழே போனால் நீட்டு மணி.

அப்புறம் உடைந்த முகத்தைப் பாருங்கள். குவார்ட்ஸ் போத்தல் துண்டு மாதிரி வளைந்து, கூரான விளிம்போடு உடைந்திருக்கும். பெல்ட்ஸ்பார் செங்கோணத்துக்குக் கிட்டப் படிபடியாகப் பிளக்கும். காக்காப்பொன் ஏடு ஏடாக உரியும்.

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரை மணலில் ஒரு சிட்டிகையைப் பக்கத்தில் வைத்தால் மூலை மழுங்கிய குவார்ட்ஸ் மணிகள் தெரியும். அவற்றையும் அளந்து பாருங்கள்: மூலை உருண்டும் மணி நீளமாகவே இருக்கலாம், ஆகவே கூர்மைக்கு ஒரு பத்தி, அகல நீள விகிதத்துக்கு இன்னொரு பத்தி என்று அட்டவணையில் தனித்தனியாகப் போடுங்கள்.