லிட்டர் எண்ணெய் ஏன் கிலோ வரல? என் அனுபவம்

கடலூர் திருப்பாப்புலியூர்ல மாமா செக்கு எண்ணெய் கடை வெச்சிருக்காரு, லிட்டர் பாட்டில்ல நல்லெண்ணெய் வாங்கிட்டுப் போறவங்க வீட்ல எடை போட்டுப் பாத்துட்டு "915 கிராம்தான் இருக்கு, அளவு குறையுது"ன்னு வந்து நிப்பாங்க. நேர்மையா யாவாரம் பண்ற மனுஷன், ரொம்ப நொந்துட்டாரு.

நான் என்ன பண்ணேன்னா காலி பாட்டில எலக்ட்ரானிக் தராசுல வெச்சு ஜீரோ பண்ணிட்டு, முத்திரை போட்ட லிட்டர் அளவையால எல்லாரும் பாக்க தண்ணி ஊத்தினேன், கிட்டத்தட்ட 1 கிலோ. தண்ணிய கொட்டி நல்லா காயவெச்சு அதே அளவையால எண்ணெய் ஊத்தினா 915. எண்ணெய்க்கு அடர்த்தி கம்மி, தண்ணி மேல மிதக்குறதும் அதனாலதான். தேன் இதுக்கு நேரெதிர், லிட்டர் 1.4 கிலோ கிட்ட வரும். இப்போ போர்டுல லிட்டர் விலை, கிலோ விலை ரெண்டும் தனித்தனியா எழுதியாச்சு, கிலோ கேக்கறவங்க பெரிய பாட்டிலா கொண்டு வரணும், ஏன்னா அது 1,090 மில்லி கிட்ட வரும்.

தேங்கா எண்ணெய் மட்டும் தனி கேஸ். 24 டிகிரி கிட்ட உறைஞ்சிடும், மார்கழி விடியக்காலைல பாத்தா கெட்டியா இருக்கும், உறையும்போது சுருங்கி மட்டம் இறங்கும் ஆனா எடை மாறாது. அந்த மாசத்துல எடை போட்டே குடுங்க, இல்லன்னா வெயில்ல வெச்சு முழுசா உருகினப்புறம் அளங்க.