கதை புரியாத மியூசிக் வீடியோக்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இண்டி (சுயாதீன பாணி) இசைக்குழுக்களின் வீடியோக்களில் கதை பாதியில் நின்றுபோவது அடிக்கடி நடப்பதுதான். பார்த்து முடித்த கையோடு "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிடுகிறோம். பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். என்ன நடந்தது என்பதே இன்னும் பிடிபடாதபோது அர்த்தம் மட்டும் எப்படிக் கிடைக்கும்?

இங்கிலாந்தின் ஆல்ட்-ஜே குழு 2012இல் வெளியிட்ட 'ப்ரீஸ்பிளாக்ஸ்' வீடியோவை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் நிரம்பிய குளியல் தொட்டி. உள்ளே அசைவில்லாமல் ஒரு பெண், அவள்மேல் ஒரு சிமென்ட் கல். கூடவே ஓர் ஆண். கொன்றவன் இவன்தான் என்று மனம் உடனே தீர்ப்பு எழுதிவிடும். அப்புறம்தான் உறைக்கும், காட்சிகள் பின்னோக்கி ஓடுகின்றன. நாம் முதலில் பார்த்தது கதையின் முடிவு. போகப் போக, வாயும் கையும் கட்டப்பட்டு அடைக்கப்பட்டிருக்கும் இன்னொரு பெண் தெரிகிறாள். எழுதிய தீர்ப்பு ஆட்டம் காண்கிறது. அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போராடினானா? இந்த இருவரில் அவனுக்கு வேண்டியவள் யார்? வீடியோ வாயைத் திறப்பதில்லை.

இந்த மாதிரி வீடியோவுக்கு நான் செய்வது ஒன்றுதான். ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். கண்ணில் பட்டதை மட்டும், நடந்த வரிசையில் ஒரு தாளில் எழுதுவேன். 'பயந்தாள்', 'துரோகம் செய்தான்' போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. 'கதவைத் திறந்தான்', 'கீழே விழுந்தாள்', அவ்வளவுதான். 'ப்ரீஸ்பிளாக்ஸ்' வீடியோவை அப்படி எழுதியபோது, "ஏன் கொன்றான்" என்ற என் கேள்வி "கட்டப்பட்டிருந்தவள் யார்" என்று மாறிவிட்டது. அது எவ்வளவோ நல்ல கேள்வி.

அடுத்த தவறு, பாடல் வரியையும் காட்சியையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தப் பார்ப்பது. 'ப்ரீஸ்பிளாக்' என்பது அந்த சிமென்ட் கல்லுக்கு பிரிட்டனில் வழங்கும் பெயர். ஈரத் துணியாலும் அந்தக் கற்களாலும் ஒருத்தியை அமுக்கிப் பிடிப்பதாகப் பாட்டிலேயே வருகிறது. வீடியோ அதை நேரடியாகவே படமாக்கியிருக்கிறது. சரி, அப்படியானால் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினால் வழி தவறிவிடுவோம். அடைத்து வைக்கப்பட்ட அந்தப் பெண் வீடியோவில்தான் இருக்கிறாள். பாட்டில் அவளைத் தேடிப் பயனில்லை.

காட்சியில் வருவதெல்லாம் பாடகரின் சொந்த வாழ்க்கை என்று முடிவு கட்டுவதும் இதே வகைதான். வீடியோக்கள் பல நேரம் எப்படி உருவாகின்றன தெரியுமா? முடிந்த பாட்டு சில இயக்குநர்களிடம் போகும். அவர்கள் ஆளுக்கொரு யோசனையை எழுதித் தருவார்கள், ஒன்று தேர்வாகும். ஆக, பாட்டை எழுதியவர் ஒருவர், கதையை யோசித்தவர் இன்னொருவர். காட்சியை வைத்துப் பாடகரின் காதல் முறிவைக் கணக்குப் போடுவது அந்த இருவருக்குமே அநியாயம்.

பார்ப்பதெல்லாம் குறியீடு என்று எடுத்துக்கொள்வதும் வேண்டாம். குறைந்த பணத்தில், ஓரிரு நாளில், கிடைத்த வீட்டில் எடுக்கும் வீடியோவில் மேசைமேல் இருக்கும் கோப்பை வெறும் கோப்பையாகவே இருக்கலாம். கேமரா அதன்மேல் நின்றதா, அது மறுபடியும் வந்ததா, அதை எடுத்துவிட்டால் கதையில் ஏதாவது குறையுமா என்று பாருங்கள். பாடகர் மெதுவாக நடக்க, உதடுகள் மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தினால், அதைக் 'கனவு' என்று உடனே எழுதிவிடாதீர்கள். பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 48 ஃபிரேமில் (தனித்தனிப் படங்களில்) எடுத்து, 24இல் காட்டினால் அப்படித்தான் தெரியும். அது கனவாகவும் இருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல வேறு ஆதாரமும் வேண்டும்.

கதையில் தெரியும் ஓட்டைகள் எடிட்டிங்கிலிருந்தும் வரும். கனடாவின் ஆர்கேட் ஃபயர் குழுவுக்காக ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கி 2010இல் வெளியான 'தி சபர்ப்ஸ்' வீடியோவில் சைக்கிளில் சுற்றும் பதின்வயது நண்பர்கள், தெருவில் ஆயுதமேந்திய ராணுவத்தினர், பிறகு நண்பனையே போட்டு அடிக்கும் நண்பன் என்று காட்சிகள் தாவுகின்றன. அது ஒரு குறும்படத்திலிருந்து வெட்டி எடுத்துத் தொகுத்த வடிவம். குறும்படம் 2011இல் தனியாக வெளியானது. அதைப் பார்க்காமலே ஒவ்வொரு தாவலுக்கும் தத்துவம் சொன்னவர்கள் உண்டு.

இன்னொரு வகை, வேண்டுமென்றே மறைப்பது. இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழுவின் 'ஜஸ்ட்', 1995, இயக்கியவர் ஜேமி த்ரேவ்ஸ். நடைபாதையில் ஒருவர் படுத்துக்கொள்கிறார். கூட்டம் கூடி ஏன் என்று கேட்கிறது. பேச்சு முழுக்க சப்டைட்டிலில் ஓடுகிறது. அவர் பதில் சொல்லும் அந்த ஒரு இடத்தில் மட்டும் எழுத்து நின்றுவிடுகிறது. அடுத்த காட்சியில் கேட்டவர்கள் எல்லோரும் படுத்துக் கிடக்கிறார்கள்.

உதட்டசைவைப் படித்துப் பதிலைக் கண்டுபிடிக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். இயக்குநர் அதைச் சொல்ல மறுத்தே வந்திருக்கிறார். அந்த வாக்கியத்தைத் துரத்துவதில் நேரம் செலவழித்தால், கேட்டவர்களின் முகம் கவனத்திலிருந்து நழுவிவிடும். அவர்கள் முதலில் அக்கறையோடு கேட்கிறார்கள், பிறகு எரிச்சலோடு, கடைசியில் மிரட்டாத குறையாக. பதில் கிடைத்தே ஆக வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். மேலே ஒரு கட்டடத்தில் வாசித்துக்கொண்டிருக்கும் குழு ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்ப்பதையும் அப்போது கவனியுங்கள்.