'பா' போடுவதா, 'சார்' போடுவதா: ஜப்பானியத்தில் சொல்லைத் தேர்ந்தெடுப்பது

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூட்டாளியைப் பார்த்தால் "இன்னாபா, எப்போ வந்த?" என்போம். பத்து நிமிஷம் கழித்து சிஎம்சி-யில் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் அதே வாய் "நேத்திலிருந்து ஜுரம் சார்" என்று பணிவாகிவிடும். யாரும் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை. ஆனால் ஜப்பானியம் படிக்க ஆரம்பித்ததும் இந்தப் புத்தி எங்கோ போய்விடுகிறது. அனிமே பார்த்து வந்தவர் எல்லோரையும் 'ஓமாஎ' என்கிறார் (வாத்தியாரை 'டேய்' என்பது மாதிரி), புத்தகம் மட்டும் படித்தவர் கூட்டாளியிடமும் மேடையில் பேசுவது போலப் பேசுகிறார்.

முதலில் வாக்கியத்தை மரியாதையாக முடிக்கிற தெஸ், மஸ் வடிவத்தைப் பிடியுங்கள். சாப்பிடுவதற்கு 'தபெரு' என்பது சாதாரண வடிவம், 'தபெமஸ்' மரியாதை வடிவம். நண்பனிடம் 'தபெமஸ்' என்றால் கொஞ்சம் தள்ளி நிற்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மேலதிகாரியிடம் 'தபெரு' என்று முடித்தால் முகம் மாறும். அதற்காக 'தபெரு'வை ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் வாக்கியத்துக்கு நடுவே அதுதான் வரும். "அவன் வருவான்னு நினைக்கிறேன் சார்" என்கிறோமே, சார் கடைசியில் ஒரே ஒரு தடவை. அங்கேயும் அப்படித்தான்: 'குரு தொ ஒமொஇமஸ்', 'குரு' சாதாரணமாகவே இருக்கும், மரியாதை முடிவில் மட்டும். (தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். நம்மிடம் ta, da போன்ற ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து இல்லாததால் உச்சரிப்பு கெடும். ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்தான ஹிரகானாவை முதலில் முடியுங்கள்.)

அப்புறம் வருவதுதான் நிஜமான சிக்கல், கெய்கோ, அதாவது மரியாதைப் பேச்சு. இதில் இரண்டு மரியாதை தனித்தனியாக ஓடுகிறது: கேட்பவருக்கு ஒன்று, பேசப்படுபவருக்கு ஒன்று. நம்மிடமும் இது உண்டு. "பையன் தூங்குறான் சார்" என்றால் மரியாதை கேட்பவருக்கு, பையனுக்கு இல்லை. "அப்பா தூங்குறாருபா" என்றால் அப்பாவுக்கு மரியாதை, கேட்பவன் கூட்டாளி. இதுவரை சரி. ஆனால் நாம் அப்பாவை யாரிடம் பேசினாலும் 'அவர்' என்றுதான் சொல்வோம், ஜப்பானியர் வெளியாளிடம் தன் வீட்டு ஆளை உயர்த்த மாட்டார். மற்றவர் அப்பா 'ஒதோசான்', தன் அப்பா வெளியாளிடம் வெறும் 'சிச்சி'. முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு 'சீச்சீ' என்றே காதில் விழுந்தது. அம்மா 'ஹஹ', அது இன்னும் மோசம்.

ஆபீஸும் வீடு மாதிரிதான். நான் ஒரு கம்பெனியில் ஜப்பான் கஸ்டமரோடு போன் பேசச்சொல்ல, எங்கள் மேனேஜர் பெயரோடு 'சான்' (நம்ம 'சார்' மாதிரி மரியாதை ஒட்டு) சேர்த்து, அவர் வருவதையும் 'இரஷ்ஷரு' என்று உயர்த்திச் சொல்லிவிட்டு, நல்ல மரியாதை காட்டினோம் என்று பெருமையாக இருந்தேன். நேர்மாறு. வெளியாளிடம் பேசும்போது மேனேஜரும் நம்ம வீட்டு ஆள், 'சான்' கிடையாது, வருவது 'மஇரு' என்று தாழ்த்தித்தான் வரும். அதே மேனேஜரை நேரில் கூப்பிடும்போது சானோ பதவிப் பெயரோ கட்டாயம். ஆகவே வாயைத் திறக்கும் முன் இரண்டு கேள்வி: எதிரில் யார், பேச்சில் வரும் ஆள் இப்போது என் பக்கமா அவர் பக்கமா?

நோட்டில் வினைச்சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், சாதாரணம், மரியாதை, உயர்த்துவது, தாழ்த்துவது என்று ஒரே வரியில் நாலையும் எழுதுங்கள். போவதற்கு: இகு, இகிமஸ், இரஷ்ஷரு, மஇரு (கடைசி இரண்டும் வருவதற்கும் அதேதான்). அடிக்கடி புழங்குபவை கொஞ்சம்தான். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடி-யில் என்5 என்ற முதல் படி எழுதுபவர் இதற்காக இப்போதே தூக்கம் கெட வேண்டாம், அடுத்த படியான என்4 பக்கம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

'அனத்தா' என்றால் 'நீங்கள்' என்று அகராதி சொல்லும், நம்பி மேலதிகாரியிடம் போடாதீர்கள், மரியாதைக் குறைவாகப் படும். பெயரோடு சான் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சொல்லே இல்லாமல் பேசுங்கள்.

வடிவம் மட்டுமல்ல, சொல்லும் மாறும். வாங்குவது 'கஉ', அதுவே கடிதத்திலும் அறிவிப்பிலும் சீன வேர்கொண்ட 'கோன்யூ சுரு'. நேதாஜி மார்க்கெட்டில் ஒரு கிலோ தக்காளி கொள்முதல் செய்தேன் என்று வீட்டில் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் பேச்சில். 'இன்று' என்பதற்குப் பேச்சில் 'க்யோ', கூட்டத்தில் 'ஹோன்ஜித்ஸு'.

'ர்யோகஇ' என்ற 'சரி'யை மேலதிகாரியிடம் தவிர்ப்பது நல்லது, 'ஷோச்சி ஷிமஷிதா' போடுங்கள். வேலை முடித்துக் கிளம்பும்போது 'கொகுரோசமா' என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்வது. நீங்கள் 'ஒத்ஸுகரெசமா தெஸ்' சொல்லிவிட்டுப் போங்கள்.

சாதாரணப் பேச்சுக்கு எப்போது இறங்குவது? வயதில் மூத்தவராக இருந்தால் நீங்களாக இறங்காதீர்கள். அவரே "தமெகுச்சி தெ ஈ யோ", அதாவது சும்மா பேசுப்பா, என்று ஒருநாள் சொல்வார். சொன்ன பிறகும் முதல் இரண்டு நாள் வாய் தானாக 'மஸ்' போடும், போடட்டும்.