அந்த 40 பிக்கோசெக்கன் யாருடையது?

போன மாதம் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு மடிக்கணினியோடு வந்த தங்கச்சி ஒருத்தி ஒரு வரைபைத் திறந்து காட்டினாள். "அக்கா, டி.என்.ஏ போடாத வெறும் தயசோல் ஒரேஞ்சுக்கு 40 பிக்கோசெக்கன் ஆயுள் வருது." முகம் முழுக்கச் சந்தோசம். தயசோல் ஒரேஞ்சு டி.என்.ஏயில் ஒட்டினால் பிரகாசமாக ஒளிரும் ஒரு சாயம். ஆயுள் என்பது லேசரால் தூண்டியபின் அந்த ஒளிர்வு நிலைக்கும் நேரம்; பிக்கோசெக்கன் என்றால் செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. சாயமே போடாமல் வெறும் பஃபரை, அதாவது சாயத்தைக் கரைத்த அந்த நீர்க்கரைசலை மட்டும், வைத்து அளந்தாயா என்று கேட்டேன். இல்லையாம்.

480 நனோமீற்றரில் தூண்டி, 575இல் ஒளிர்வைப் பிடித்திருக்கிறாள். லேசர் வெளிச்சம் கலக்கக்கூடாது என்று தள்ளிப் போனது நல்ல யோசனைதான். ஆனால் 480இல் தூண்டினால் தண்ணீரின் இராமன் சிதறல் (தண்ணீர் லேசர் ஒளியை நிறம் மாற்றிச் சிதறடிப்பது) 574 பக்கம் வந்து நிற்கும். டி.என்.ஏயில் ஒட்டாத தயசோல் ஒரேஞ்சு, உறிஞ்சும் பத்தாயிரம் போட்டோன்களில் இரண்டு மூன்றைத்தான் ஒளியாகத் திருப்பித் தரும். அவ்வளவு மங்கலான சாயத்தின் பக்கத்தில் தண்ணீரின் குரல்தான் பெரிதாகக் கேட்கும். சிதறலுக்கு ஆயுள் கிடையாது. திரையில் தெரிவது கருவியின் சொந்த அகலம், அதாவது கணநேர ஒளியைக்கூடக் கருவி இழுத்துக் காட்டும் நேரம். அது 150 பிக்கோசெக்கன் என்றால், அளவீட்டுக்கு வளைகோடு பொருத்தும்போது கொஞ்சம் நகர்ந்தாலே 40 என்று ஓர் எண் வந்துவிடும்.

சாதாரண ஒளிர்வுமானியில் தூண்டலை 460க்கு மாற்றிப் பார்க்கச் சொன்னேன். அந்த முகடு 545 பக்கம் நகர்ந்துவிட்டது. சாயத்தின் ஒளிர்வு என்றால் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். தண்ணீரில் இந்தச் சாயத்தின் உண்மையான ஆயுள் சில பிக்கோசெக்கன்கள்தான். அதைப் பார்க்க, ஒளிர்வை இன்னொரு லேசர் துடிப்போடு படிகத்தில் கலந்து பிடிக்கும் முறை வேண்டும்.

அடுத்த பிழை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். எதிடியம் புரோமைட்டு என்ற இன்னொரு சாயம் டி.என்.ஏக்குள் செருகிக்கொண்டால் அதன் ஆயுள் 2 நனோசெக்கனுக்குக் கீழே இருந்து 22 பக்கம் போகும். 80 மெகாஹேர்ட்ஸ் லேசரில் துடிப்புக்குத் துடிப்பு 12.5 நனோசெக்கன்தான் இடைவெளி. பழைய ஒளிர்வு பாதிக்கு மேல் மிச்சமிருக்க அடுத்த துடிப்பு வந்துவிடும். 5 மெகாஹேர்ட்ஸுக்கு இறக்கிவிட்டு அளவுங்கள்.

வேகமாக முடிக்க வேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டுபவர்களும் உண்டு. காலி வீதி பஸ்ஸில் ஒவ்வொரு தரிப்பிலும் முதலில் ஏறுகிறவரை மட்டும் கணக்கெடுக்கும் கண்டக்டரை நினைத்துப் பாருங்கள். போட்டோன் எண்ணும் கருவியும் அப்படித்தான்: ஒரு துடிப்புக்கு முதலில் வந்த ஒன்றைத்தான் பதியும். கூட்டம் கூடினால் முந்தி வந்தவர்களே கணக்கில் நிரம்பி, ஆயுள் குறைந்ததாகத் தெரியும். நூறு துடிப்புக்கு ஒரு போட்டோன் என்ற அளவில் வைத்தால் பயமில்லை.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, "டி.என்.ஏயில் ஒட்டியதும் சாயம் இறுகுகிறது, அதனால் ஒளிர்கிறது" என்று எல்லாச் சாயத்துக்கும் ஒரே கதை சொல்வது. தயசோல் ஒரேஞ்சுக்கு அது சரி. அதன் இரு பாதிகளும் நடுப்பாலத்தைச் சுற்றி முறுக்கித்தான் சக்தியை இழக்கின்றன. முறுக்கத்தைத் தடுக்கும் தடிப்பான கிளிசரோலில் போட்டாலே கொஞ்சம் ஒளிரும். எதிடியம் அப்படியில்லை. தூண்டப்பட்ட நிலையில் அது தண்ணீருக்குப் புரோத்தன் ஒன்றைக் கொடுத்து அணைகிறது. கனமான ஐதரசன் கொண்ட கனநீரில் இந்தக் கைமாற்றம் மெதுவாகும்; அங்கே அளந்தால் ஆயுள் மூன்று மடங்குக்கு மேல் கூடுவது அதனால்தான். டி.என்.ஏக்குள் போனால் தண்ணீரிடமிருந்து மறைவு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

செறிவையும் கவனியுங்கள். எதிடியம் டி.என்.ஏயின் இரண்டு மூலச்சோடிக்கு ஒன்று என்ற அளவில் நிரம்பிவிடும். அதற்கு மேல் போட்டால் வெளியே ஒட்டியதும் தனியே மிதப்பதும் கலந்து மூன்று நான்கு ஆயுள்கள் வரும். அதை டி.என்.ஏயின் அசைவு என்று எழுதிவிடாதீர்கள். ஐம்பது சோடிக்கு ஒரு சாயம் போதும். அப்புறம், டி.என்.ஏயின் செறிவைக் கணக்கிட 260 நனோமீற்றரில் பயன்படுத்தும் 6600 என்ற உறிஞ்சல் எண் ஒரு மூலத்துக்கு உரியது, சோடிக்கு அல்ல. இதில் சறுக்காதவர் குறைவு, நானும் சறுக்கியிருக்கிறேன்.

ஒளியின் அதிர்வுத் திசையைத் தெரிந்தெடுக்கும் முனைவாக்கியை 54.7 பாகையில் வைக்க மறந்தால் மூலக்கூறின் சுழற்சியும் ஆயுளுக்குள் புகுந்துவிடும். நேர்மின்னேற்றச் சாயங்கள் கரைசல் வைக்கும் சிறு பாத்திரமான கியூவெட்டின் சுவரில் ஒட்டும், ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவுங்கள். கரண்ட் போய் ஏசி நின்ற பகலில் அளந்ததையும் குளிர் அறையில் அளந்ததையும் ஒரே வரைபில் போட வேண்டாம்: முறுக்கி அணையும் சாயத்துக்கு ஐந்தாறு பாகை வித்தியாசமே போதும்.