கிணற்றுக் கல்லில் தெரியும் வட்டுக்குப் பெயர் வைக்கும் முன்

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டினால் செம்மண் முடிந்ததும் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். வெட்டிப் போட்ட கல்லை உடைத்துப் பார்த்தால், உடைந்த முகத்தில் காசு போலவும் கீறு போலவும் வெள்ளை வெள்ளையாகச் சில தெரியும். சிப்பித் துண்டு என்று பலரும் விட்டுவிடுவார்கள். சிப்பியும் இருக்கும்தான். ஆனால் அந்தக் காசுகளில் சில போராமினிபெரா, அதாவது ஒற்றைக் கல உயிரி தனக்குக் கட்டிக்கொண்ட ஓடு. மயோசீன் காலத்து, அதாவது ஏறத்தாழ 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய, கடலின் அடியில் வாழ்ந்தவை அவை.

அவற்றில் ஒன்றின் இன்றைய பெயர் சூடோடபெரினா மலபாரிக்கா. பேரினமே அழிந்துவிட்டது. (நமது பாடப்புத்தகத்தில் இதைச் ‘சாதி’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை வைத்து ஒரு கட்டுரை முழுக்க எழுத எனக்கு மனம் வரவில்லை. பேரினம் என்றே சொல்கிறேன்.) இந்த இனத்துக்கு எத்தனை முறை பெயர் மாறியது என்று பார்த்தாலே, வகைப்படுத்தும்போது எங்கெல்லாம் சறுக்கலாம் என்பது விளங்கிவிடும்.

1853 இல் இதை முதலில் விவரித்தவர் பம்பாயில் இருந்த மருத்துவர் ஹென்றி ஜோன் கார்ட்டர். கேரளக் கரையில் கிடைத்த வட்டை ஓர்பிடோலைட்டிஸ் என்ற பேரினத்தில் சேர்த்து, மலபாரிக்கா என்று பெயரிட்டார். ஓர்பிடோலைட்டிஸ் லாமார்க் 1801 இல் வைத்த பெயர். பரிஸ் பகுதியின் இயோசீன் (மயோசீனுக்கு முந்திய காலம்) கல்லில் கிடைக்கும் வட்டு அது. வெளியே பார்த்தால் இரண்டும் தட்டையான வட்டுத்தான். ஆனால் தன் வட்டின் அறைகள் ஒருமைய வளையங்களாக அல்லாமல் சுருளாக அமைந்திருக்கின்றன என்று கார்ட்டரே அழுத்திச் சொன்னார். உள்ளே சரியாகப் பார்த்தும் பெயர் மட்டும் பழைய பெட்டிக்குள் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் அதை ஓர்பிகுலினா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள், அப்புறம் டபெரினா என்ற பேரினத்துக்கு. 1971 இல் ஈம்ஸ் என்ற ஆய்வாளர் அதற்குச் சூடோடபெரினா என்று தனிப் பேரினம் அமைத்தார். ‘சூடோ’ என்றால் போலி. டபெரினா என்று நினைத்து ஏமாந்த கதை பெயரிலேயே ஒட்டிக்கொண்டது.

ஆக முதல் தவறு உருவத்தைப் பார்த்து முடிவெடுப்பது. தட்டையான வட்டு ஓடு ஒரே குடும்பத்தின் சொத்தல்ல. ஆழம் குறைந்த, வெளிச்சம் படும் கடலில், ஓட்டுக்குள் பாசியை வைத்து வாழ்வதற்குத் தட்டை உடல் வசதியானது. அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கிளைகள் வெவ்வேறு காலங்களில் வட்டாகின. போராமினிபெராப் பேரினங்களில் டிஸ்கோசைக்கிளினாவும் வட்டு, சொரைட்டிஸும் வட்டு. முதலாவது கண்ணாடிச் சுவர் கொண்டது, மற்றது பீங்கான் சுவர் கொண்டது. என்னைக் கேட்டால், சுவரைப் பார்க்காமல் பேரினப் பெயரை வாயால் உச்சரிக்கவே கூடாது. பீங்கான் சுவர் மேலிருந்து விழும் ஒளியில் பால் வெள்ளையாகவும், மெல்லிய சீவலின் ஊடாக ஒளி வரும்போது மண்ணிறமாகவும் தெரியும். கண்ணாடிச் சுவரில் நுண்துளைகள் நெருக்கமாக ஓடும். ஒன்று கவனிக்க வேண்டும்: நமது கல்லுக்குள் காலங்காலமாக நிலத்தடி நீர் ஓடியிருக்கிறது. ஓட்டின் கனிமமான கல்சைட்டு மீண்டும் படிகமாகியிருந்தால் துளைகள் மறைந்துபோயிருக்கும். துளையைக் காணவில்லை என்பதற்காகத் துளையே இருந்ததில்லை என்று எழுதிவிட முடியாது.

அடுத்தது வெட்டு. ஆட்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். சின்ன வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் வளையம் வளையமாக வரும். நெடுக்கே அரிந்தால் நடுவில் குருத்தும் இருபுறமும் இதழும் தெரியும். ஓரத்தில் மட்டும் ஒரு சீவல் எடுத்தால் குருத்தே தெரியாது. இரண்டு படத்தை வெங்காயம் அறியாதவரிடம் காட்டினால் இரண்டு காய் என்றுதான் சொல்வார். மலபாரிக்காவும் அப்படித்தான். நடுவில் தொடக்க அறை, அதைச் சுற்றிச் சுருள், பின்னர் நீண்டு விரியும் அறைகள். ஓரத் துண்டு மட்டும் கையில் கிடைத்தால் வளைந்த கோடுகள்தான் தெரியும், சுருள் தெரியாது. அதை ஓர்பிடோலைட்டிஸ் என்று யாரும் நம்பிவிடலாம். தொடக்க அறையின் ஊடாகச் செல்லும் இரண்டு வெட்டுகள் வேண்டும்: வட்டின் தளத்தோடு ஒன்று, அதற்குச் செங்குத்தாக ஒன்று. கல்லில் தற்செயலாக வெட்டுப்பட்ட முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பெயர் வைப்பதற்கு அது போதாது.

ஆய்வுகூடத்தில் 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்துப் பார்ப்பார்கள். வீட்டில் அது முடியாவிட்டால் கல்லைத் தண்ணீர் விட்டு, நைசான சாண்ட் பேப்பரில் வழவழப்பாகும்வரை தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் பூசிக் கைவில்லையால் பாருங்கள். அறைகளின் வரிசை துலங்கி வரும். தேசிக்காய்ப் புளி விட வேண்டாம். வேறு உயிர்ச்சுவடுகளை அமிலத்தில் கல்லைக் கரைத்து வெளியே எடுப்பார்கள் என்று எங்கோ படித்துவிட்டு நான் ஒருமுறை விட்டேன். பொசுபொசுவென்று நுரை வந்தபோது சந்தோஷமாக இருந்தது. கழுவிப் பார்த்தால் கல்லும் மழுங்கி, வட்டின் முகமும் மழுங்கியிருந்தது. கல்லும் கல்சியம் காபனேற்று, ஓடும் கல்சியம் காபனேற்று. புளிக்கு வேற்றுமை தெரியாது.

இன்னொரு தவறு பெரியதையும் சிறியதையும் இரண்டு இனமாக்குவது. போராமினிபெராவில் ஒரே இனத்துக்குள் இரு தலைமுறைகள் மாறி மாறி வரும். ஒன்றின் தொடக்க அறை பெரிது, ஓடு சிறிது. மற்றதன் தொடக்க அறை மிகச் சிறிது, ஓடு பெரிது. இந்த வாழ்க்கைச் சுற்றை லிஸ்டர் என்ற ஆய்வாளர் 1895 இல் விளக்கினார். அதற்கு முன்னரே நம்மூலைட்டிஸ் என்ற போராமினிபெராப் பேரினத்தில் ஜோடி ஜோடியாக இனப் பெயர்கள் குவிந்துவிட்டன. தாய்க்கும் பிள்ளைக்கும் தனித்தனி வம்சம் எழுதியது போல. ஒரு கல்லில் சிறியவை ஏராளமாகவும் பெரியவை ஒன்றிரண்டாகவும் கிடைத்தால், முதலில் இந்தச் சந்தேகம்தான் வரவேண்டும்.

பெயர் விதிகளைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பேரினத்தின் பெயர் அதன் வகைமாதிரி இனத்தோடு, அதாவது அந்தப் பேரினத்துக்கு அளவுகோலாக வைத்த இனத்தோடு, கட்டப்பட்டது. டபெரினா 1945 இல் கெய்சர் என்ற ஆய்வாளர் கியூபாவின் இனமொன்றை வைத்து அமைத்த பெயர். அந்த இனம் கிடைத்த கல் மயோசீனுக்கு வெகு முந்தியது. மலபாரிக்கா டபெரினாதானா என்று கேட்டால், கியூபாக்காரருடன்தான் ஒப்பிட வேண்டும், கேரளத்தின் கொல்லத்தில் கிடைத்த இன்னொரு மலபாரிக்காவுடன் அல்ல. 2008 இல் ரெனெமா என்ற ஆய்வாளர் சூடோடபெரினாவின் உள்கட்டமைப்பையே தனியாக எடுத்து, ஆர்க்கையாசின் எனப்படும் கரீபியன் போராமினிபெராக் கூட்டத்தோடு அதற்குள்ள உறவை ஆராய்ந்தார். வெளி விளிம்பை அளந்து முடியும் வேலையல்ல இது.

வயதை வைத்துப் பெயரும், பெயரை வைத்து வயதும் சொல்லும் சுற்றுவழியும் உண்டு. கேரளத்தின் கொல்லம் படிவுகளையும் இலங்கையின் மயோசீன் கற்களையும் ஒப்பிட மலபாரிக்கா உதவியிருக்கிறது. அது நல்ல வேலை. ஆனால் ‘இது மயோசீன் கல், ஆகவே இது மலபாரிக்கா’ என்று தொடங்கி, ‘மலபாரிக்கா இருக்கிறது, ஆகவே மயோசீன்’ என்று முடித்தால் செக்கைச் சுற்றிய மாடு மாதிரித்தான்.

கடற்கரை மணலை வைத்துப் பழைய கல்லுக்குப் பெயர் வைப்பதும் ஆபத்து. கரையில் அலை அடித்து உடைத்த சுண்ணாம்புக்கல்லிலிருந்து கழன்ற பழைய ஓடு, அண்மையில் செத்த ஓட்டோடு ஒரே கைப்பிடியில் வரலாம். அம்பிஸ்டெஜினா போன்ற போராமினிபெரா மயோசீனிலும் இருந்தன, இன்றும் கடலில் உயிரோடு இருக்கின்றன. மணலில் கிடைத்ததெல்லாம் ஒரே காலத்தவை அல்ல.

கடைசியாக, துண்டுச்சீட்டு. என்னிடம் ஒரு பிஸ்கட் டின்னில் நன்றாகத் தேய்த்த ஒரு கல் இருக்கிறது. தொடக்க அறை நடுவில் புள்ளியாக நிற்கிறது, சுருள் தெளிவாகத் தெரிகிறது. அதைக் கோப்பாய்க் கிணற்றிலா எடுத்தேன், கீரிமலைக் கரையிலா பொறுக்கினேன் என்று எழுதி வைக்கவில்லை. ஊரும் ஆழமும் இல்லாமல் அதை யாரிடமும் ஒரு சான்றாகக் காட்ட முடியவில்லை. எறியவும் மனமில்லை, டின்னுக்குள்ளேயே கிடக்கிறது.